இரண்டு கோடு தெரிந்த நாட்கள்

ஜனவரி 9

என் வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் மாமாவும் பையன்கள் இருவரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையும் உன் மாமியாரும் சுகந்தானே?

போனில் கூப்பிட்டால் நீ "ம்", "சரி", "அப்புறம்" என்ற மூன்றைத் தாண்டுவதில்லை. உங்கள் இரண்டு அறை வீட்டில் சுவருக்குக் காது மட்டுமல்ல, வாயும் உண்டு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். நீயும் கடிதமே எழுது.

பார்சலில் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு பெட்டி பரிசோதனைப் பட்டையும் வைத்திருக்கிறேன். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், யாரோடும் வாயாடாமல், தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வை. கருமுட்டை வெளிவந்த பிறகு உடம்புச் சூடு துளி ஏறி அப்படியே நிற்கும். ஆனால் அது நடந்து முடிந்த சேதி. பஸ் போன பிறகு கை காட்டுகிற மாதிரி. முன்கூட்டிச் சொல்வது பட்டைதான். மத்தியானம் சிறுநீரைச் சின்னக் கப்பில் பிடித்து அதில் நனை. இரண்டாவது கோடு முதல் கோட்டைப் போலவே அழுத்தமாக வந்தால் ஒன்றிரண்டு நாளில் முட்டை வரப்போகிறது என்று பொருள். அந்த நாட்களை விட்டுவிடாதே. இதற்குமேல் நர்ஸ் சொல்லலாம், அக்கா சொல்லக் கூடாது.

போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருமுறை கலைந்தது என்பதால் மறுமுறையும் கலையும் என்றில்லை. தைரியமாக இரு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மாமாவின் முட்டிவலி தேவலையா? சின்னவனுக்குப் பல் விழுந்ததாமே, எந்தப் பல்?

பார்சல் வந்தது. அத்தை அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "உங்கக்கா என்ன அனுப்பிருக்கா, ஒண்ணுமே கனம் இல்லையே" என்றார். கண்ணாடிக் கடைச் சாமான் என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை. பட்டைகளை இப்போது காலியான மூக்குக்கண்ணாடிக் கூட்டில்தான் போட்டுவைத்திருக்கிறேன்.

கடையில் நாள் முழுக்க வருகிறவர்களிடம் "இந்த வரி தெரியுதா, அந்த வரி தெரியுதா" என்று கேட்கிறேன். மத்தியானம் கடைக் கழிவறைக்குப் போய் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். நான்கு நாள் ஒற்றைக் கோடுதான். அப்புறம் பேய் மாதிரி ஒரு சாயல். மறுநாள் இரண்டும் ஒன்றுபோல நின்றன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலாளியம்மா கதவைத் தட்டினார்.

நீ சொன்னபடி தினமும் சூடும் பார்த்தேன். ஏறியது, இறங்கவில்லை. மூன்றாம் நாளும் இறங்காததைப் பார்த்துவிட்டு அவரிடம் "இன்னைக்குத்தான்" என்றேன். பேக்கரியிலிருந்து புருவத்தில் மாவோடு ஓடி வந்தார் பாவம்.

இந்த மாதம் ஒன்றும் இல்லை. அதற்குள் எதிர்பார்க்கவும் கூடாதுதானே.

உன்
வாலு

பிப்ரவரி 26

வாலு,

நாங்கள் சுகம். விழுந்தது முன்பல். சிரித்தால் திறந்த ஜன்னல் மாதிரி இருக்கிறான்.

அடி மக்கே! சூடு ஏறி மூன்று நாள் கழித்துச் சொன்னால் என்ன பிரயோசனம்? முட்டை ஒரு நாள் பொழுதுதான் உயிரோடு இருக்கும். கோடு வந்ததே, அன்றைக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நான் எழுதியது விளங்கவில்லை போல. திரும்ப எழுதுகிறேன். கோடு வந்த அன்றும் அடுத்த நாளும். சூடு பார்ப்பது சரிபார்க்க மட்டும்.

இன்னொன்று, மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல். ஆண்களுக்கு அடிவயிற்றுப் பக்கம் ஓயாமல் சூடு படுவது அவ்வளவு நல்லதில்லை என்று சொல்வார்கள். நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிறவர். அவ்வப்போது வெளியே வந்து காற்றாட நிற்கச் சொல். பயமுறுத்திவிடாதே. அவர் ஏற்கெனவே தன் ரொட்டி உப்பாவிட்டால்கூடத் தன் குற்றம் என்கிற ஆள்.

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் சுகம். நீ நைட் டியூட்டிக்கு மாறிவிட்டாயா?

போன மாதம் கோடு வந்த அன்று அத்தைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. துணைக்கு அத்தை அறையிலேயே படுத்துக்கொண்டேன். இந்த மாதம் கடையிலிருந்து வெளியூரில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். வேறு ஆளில்லை என்று நான் போக வேண்டியதாயிற்று. மூன்று நாள் கழித்துத் திரும்பினேன். எல்லாம் சேர்ந்து இந்த நாளில்தான் வரவேண்டுமா?

தூரமான அன்று நான் அழுதேன். அவர் வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தார். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "விடும்மா, அடுத்த மாசம்னு ஒண்ணு இருக்குல்ல. மாசத்துக்கா பஞ்சம்?" என்றார். நான் சிரிக்கும்வரை அதையே வெவ்வேறு குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அம்மா குரலில், முதலாளி குரலில், உன் குரலில்கூட.

அக்கா, அவர் ரொம்ப நல்லவர். அதை உன்னிடம் எழுத வேண்டும் போல இருந்தது.

உன்
வாலு

மே 3

வாலு,

இங்கே சுகம். அங்கே?

அவர் நல்லவர் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். அடுத்த முறை முகாம் வந்தால் முடியாது என்று சொல். உன் மாமியார் இடுப்புக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். சாக்கு ஒன்று குறையும்.

விளையாட்டுக்குச் சொன்னேன்.

அக்கா

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் பையன்களும் நலமாக இருக்க வேண்டும்.

அவர் அடுப்பை விட்டுவிட்டார். நீ சொன்னதை நான் பக்குவமாகத்தான் சொன்னேன், காற்றாட நில்லுங்கள் என்றுதான். அவர் மறுநாளே முதலாளியிடம் போய்த் தன்னைக் கவுன்டருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். பதினைந்து வயதிலிருந்து அடுப்பு முன்னால் நின்றவர். மாவைத் தொட்டே இன்னும் எத்தனை நிமிஷம் என்று சொல்லுவார். தெருவே அவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட்டது. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று, கேக்கில் யார் பெயர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நேற்றுக் கடை முடிந்து அந்தப் பக்கம் வந்தேன். புதிதாக வந்த ஆள் ஒரு தட்டு ரொட்டியைக் கருக்கிவிட்டான். வாசனை தெருவுக்கே வந்தது. இவர் உள்ளே போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். என்னைக் கண்டதும் சிரித்து, "ஏசி காத்துல வேலை. ராஜா மாதிரி இருக்கேன்" என்றார்.

அவரைத் திரும்பப் போகச் சொல்லி நீ எழுது அக்கா. நீ சொன்னால் கேட்பார். என்னையும் நாலு வார்த்தை திட்டி எழுது. எதற்கென்று கேட்காதே.

உன்
வாலு

ஜூலை 5

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரர் எழுதுவது. நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது.

போன வாரம் எனக்குச் செய்ய வேண்டிய பரிசோதனையைத் தனியாகப் போய்ச் செய்துகொண்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். வெளியே வந்ததும் சந்தோஷப்பட்டேன். வீடு வருவதற்குள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. என்னிடம் இல்லை என்றால் அவளிடம் என்றல்லவா ஆகிறது?

அவள் ஏற்கெனவே உடைந்துபோய் இருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் அவள் அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களும் அவளைத்தான் கேட்கிறார்கள். அதனால் கோளாறு எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். அம்மாவிடமும் அப்படியே. பேச்சு என் மேல் வந்தால் நான் தாங்குவேன். நீங்கள் நர்ஸ். இப்படிச் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாளா என்று மட்டும் எழுதுங்கள். பேக்கரி விலாசத்துக்கு எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள
தம்பி

ஜூலை 14

வாலு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் வீட்டுக்காரர் எனக்கு எழுதியிருக்கிறார். சொல்லக் கூடாது என்றுதான் எழுதினார். சொல்கிறேன். தனக்குப் பரிசோதனை செய்துகொண்டார், குறையில்லை. ஆனால் குறை தன்னிடம்தான் என்று ஊருக்கெல்லாம் சொல்லப்போகிறாராம், உன்னைக் காப்பாற்ற. நான் எழுதும்வரை பொறுங்கள் என்று அவருக்கு ஒரு வரி போட்டிருக்கிறேன்.

இப்போது நான் கேட்கிறேன். கண்ணாடியைத் துளி பிசகாமல் தேய்த்துப் பொருத்துகிறவள் நீ. உனக்கு, கோடு வந்த அன்று என்று நான் மறுபடி மறுபடி எழுதியும் விளங்கவில்லையா? முதல் மாதம் காலம் தாழ்த்திச் சொன்னாய். அப்புறம் இடுப்புவலி. அப்புறம் முகாம். உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தேன். நீ நாளைத் தவறவிடவில்லை. நாள் தெரிந்துதான் விலகுகிறாய்.

தப்பென்றால் அக்காவை நன்றாகத் திட்டு. தப்பில்லை என்றால், ஏன்?

அக்கா

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. நலமாக இரு.

உன் கடிதம் வந்து எத்தனை நாளாயிற்று என்று தெரியும். எழுதி எழுதிக் கிழித்தேன். ஆமாம் அக்கா. நீ சொன்னது சரி.

அந்தப் பட்டை எனக்கு எந்த நாள் என்று சொல்கிறது. அந்த நாளில் நான் ஓடுகிறேன். அத்தைக்கு அன்று அப்படியொன்றும் வலியில்லை. நான்தான் "படுத்துக்கறேன் அத்தை" என்று பாயை எடுத்துப் போனேன். முகாமுக்கு நானே கேட்டுப் போனேன். கோடு மங்கிய பிறகு அவரிடம் "இன்னைக்கு" என்பேன். கணக்குச் சரியாகத் தெரியட்டும் என்று நானே அவர் பக்கம் திரும்பிப் படுப்பேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

குழந்தை வேண்டாம் என்றில்லை. யார் குழந்தையைக் கண்டாலும் கை நீள்கிறது. ஆனால் இரண்டு கோடும் ஒன்றாகத் தெரிகிற நிமிஷம் நான் மறுபடி அந்த ஸ்கேன் அறையில் படுத்திருக்கிறேன். வயிற்றில் கருவியை வைத்துத் தேடிக்கொண்டிருந்த அந்தம்மா பேச்சை நிறுத்தினார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "டாக்டர் சாரைக் கூப்பிட்டு வரேன்" என்று போனார். அவர் திரும்பி வரும்வரை நான் அங்கே இருந்தேனே, அந்த நேரம். இன்னொரு தடவை என்னால் அந்த நேரத்தில் படுத்திருக்க முடியாது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது? எல்லோரும் அவ்வளவு ஆசையாக இருந்தீர்கள். நீ பார்சல் அனுப்பினாய், அவர் அடுப்பை விட்டார். மோசமான மனுஷர் என்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். இப்போது பழியையும் தானே சுமக்கிறேன் என்கிறாரே. நான் என்ன பிறவி அக்கா?

வாலு

செப்டம்பர் 10

என் தங்கத்துக்கு,

நாங்கள் சுகம். உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பார்சல் கட்டும்போது உனக்கு வேண்டுமா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த வார்டிலும் எந்தப் பெண்ணையும் கேட்காமல் ஊசிகூடப் போடமாட்டேன். உன்னைக் கேட்கவில்லை. உனக்குச் சீக்கிரம் ஒன்று பிறந்துவிட்டால் போன வருஷத்தை நாமெல்லோரும் தாண்டிவிடலாம் என்று எனக்கு அவசரம்.

பயப்பட்டது குற்றமில்லை. அதை அவருக்குத் தெரியாமல் வைத்தது குற்றம். என்னிடம் சொல்லியாகிவிட்டது என்று இளைப்பாறிவிடாதே. சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை. அவர் தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் சொல்.

அவர் கோபப்பட்டால், பட அவருக்கு உரிமை உண்டு. தாங்கிக்கொள்.

அக்கா

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? அத்தை சுகம். நான் இருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். வீட்டில் முடியாது என்று மத்தியானம் பேக்கரிக்குப் போனேன். அந்த நேரம் ஆள் வரமாட்டார்கள். பின்பக்கம் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கவுன்டர் ஆள் தட்டுக் கழுவ வேண்டியதில்லை. அடுப்பு பக்கத்தில் நிற்க அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது போல.

ஒரே மூச்சில் சொன்னேன். குழாயை மூடினார்.

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்தே."

"நான் அடுப்ப விட்டப்பவும்?"

"ஆமாங்க."

"மாசாமாசம் அழுதியே. அதுவும் பொய்யா?"

"அழுதது நெசம்."

"எதுக்கு அழுத?"

"நீங்க என்னைத் தேத்துறதைப் பாத்து."

அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விதவிதமா குரல் மாத்திப் பேசிக் காட்டுனேனே, உன்னைச் சிரிக்க வைக்க. அப்பல்லாம் என்னைப் பாத்து என்ன நெனச்ச?" என்றார். கையிலிருந்த தட்டைத் துடைத்து, அடுக்கில் வைத்துவிட்டு, முன்பக்கம் போய்விட்டார்.

அன்றிலிருந்து பேக்கரி மாடியில்தான் படுக்கிறார். துணி எடுக்க வருகிறார். அத்தையிடம் பேசுகிறார், என்னிடம் இல்லை. அத்தை என்னைப் பார்த்து, "என்னடி சண்டை? எவ்வளவு பெரிய சண்டைன்னாலும் சோத்துக்கு வருவானே" என்கிறார்.

நீ தாங்கிக்கொள் என்றாய். தாங்குகிறேன்.

வாலு

டிசம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மாமா, பையன்கள் எல்லோரும் சுகம் என்று உன் சின்னக் கடிதத்தில் பார்த்தேன். என்னிடமிருந்து சத்தமில்லை என்று பயந்திருப்பாய்.

அவர் வந்துவிட்டார். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை வெளியே போயிருந்தபோது வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் தீர்ந்து வரவில்லை. "இன்னும் கோவமாத்தான் இருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில உனக்குக் காட்டல. என் கையில குடுத்தாங்க. பொண்ணு."

எனக்கு அதுவரை தெரியாது அக்கா. நான் யாரையும் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை. ஒன்றரை வருஷம் அதை மனசில் வைத்துக்கொண்டுதான் மாவு பிசைந்திருக்கிறார். எவ்வளவு பெரிது, எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்டேன். எல்லாம் சொன்னார். அவளுக்கு என் நெற்றியாம். விரல் நகம்கூட இருந்தது என்றார். இருவரும் அந்தக் குழந்தைக்காக அப்போதுதான் ஒன்றாக உட்கார்ந்து அழுதோம்.

அப்புறம் சொன்னார்: "பயம் எனக்கும் இருந்துச்சு. எப்பவாவது சொல்லலாம்னு நெனச்சா, நீ அந்தப் பட்டையும் கையுமா தைரியமா இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. உன் தைரியத்தக் கெடுக்க வேணாம்னு வாய மூடிக்கிட்டேன். இனிமே பயம்னா பயம்னு சொல்லு. நானும் சொல்றேன். தலைவலி, இடுப்புவலி எல்லாம் வேணாம்."

அடுப்புக்குத் திரும்பிவிட்டார். முதலாளிக்கு அதில் எங்களைவிடச் சந்தோஷம்.

மன்னித்துவிட்டார் என்று எழுத மாட்டேன். நான் ஏதாவது சொன்னால் ஒரு கணம் நின்று, நிஜமா என்று முகத்தைப் பார்க்கிறார். முன்பு அப்படிப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குறுகுறு என்கிறது. குற்ற உணர்ச்சி போகவில்லை அக்கா. அது இங்கேயே ஒரு ஆள் மாதிரி வீட்டில் இருக்கிறது. போகும்போது போகட்டும்.

நேற்றுச் சாப்பிடும்போது அத்தை வழக்கம்போல ஆரம்பித்தார். "எதிர்வீட்டுப் பொண்ணுக்கு ரெண்டாவது வந்தாச்சு. நமக்கு எப்பதான்?" இந்த வீட்டில் பேச்செல்லாம் "நம்ம", "நமக்கு"தான். நம்ம வீடு, நம்ம பேக்கரி, நமக்கு ஒரு குழந்தை. அவரும் "வரும்மா, நமக்கும் வரும்" என்பார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப வேணாம்னு நாங்க இருக்கோம்மா," என்றார் அவர்.

நாங்க. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் விலகவும் இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் எனக்கும் இடம் போட்டிருந்தார்.

அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்? கேக்கறவங்களுக்கெல்லாம் நான் முழிச்சுக்கிட்டு நின்னேன்" என்று சொல்லி, எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறினார்.

எல்லோருக்கும் என் அன்பு. நாங்கள் இருவரும் அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறோம்.

உன்
வாலு